ஒரு துளி இரத்தம்

பிள்ளை பிறந்த வீட்டில் ஆரவாரத்துக்குக் குறைவிராது. சர்க்கரை வழங்குவோரும், யாருடைய சாயல் என்று வழக்காடுவோரும், நாள் நட்சத்திரம் குறிப்போருமாக வீடு நிறைந்திருக்கும். அந்த மகிழ்ச்சியின் நடுவே, இன்று பல மருத்துவமனைகளில், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன சிசுவின் குதிகாலைச் செவிலி ஒருத்தி சிறு ஊசியால் குத்துகிறாள். துளிர்க்கும் இரத்தத்தை ஒரு தடித்த தாளில் அச்சிட்டுள்ள வட்டங்களில் ஒற்றி எடுக்கிறாள். குழந்தை வீறிடுகிறது. "பச்சைப் பிள்ளையை ஏன் அம்மா குத்துகிறீர்கள்? அதற்கு என்ன நோய்?" என்று பாட்டி பதறுகிறாள். "நோய் ஒன்றும் இல்லை, பாட்டி. இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான்" என்று செவிலி சொல்லிவிட்டு அடுத்த தொட்டிலுக்குப் போகிறாள். வெளி மாநிலத்து மருத்துவமனையாக இருந்தால், இந்த விடையும் பாட்டிக்குப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் போய்விடுகிறது.

பாட்டியின் கேள்வி நியாயமானதே. நோயாளி வருவது, நோயைச் சொல்வது, மருத்துவர் நாடி பார்ப்பது, பிறகு மருந்து கொடுப்பது என்ற வரிசையில் நடப்பதுதான் மருத்துவத்தின் நெடுநாள் வழக்கம். நோயின் அடையாளம் எதுவும் இல்லாத உடலில் நோயைத் தேடுவானேன்? இந்தக் கேள்விக்கு விடையாக அமைந்தது ஒரு மனிதரின் வாழ்க்கை. அமெரிக்க நாட்டு மருத்துவரும் நுண்ணுயிர் ஆராய்ச்சியாளருமான டாக்டர் ராபர்ட் கத்ரி என்பவரே அவர். 1916-ஆம் ஆண்டு பிறந்து 1995-ஆம் ஆண்டு மறைந்த அவர், தம் சொந்த மகனுக்கு எதுவும் செய்ய இயலாத தந்தை. அந்தத் துயரத்தோடு ஊரார் பிள்ளைகளுக்காக அவர் உழைத்த வரலாற்றையும், அந்தத் துளி இரத்தத்தில் தேடப்படுவது இன்னதென்பதையும் இங்கே காண்போம்.

நார்வே நாட்டுத் தாய்

கதை கத்ரிக்கு முன்பே, 1934-ஆம் ஆண்டில், நார்வே நாட்டில் தொடங்குகிறது. அந்நாட்டுத் தாய் ஒருத்திக்கு இரண்டு குழந்தைகள்; ஒன்று பெண், ஒன்று ஆண். பிறந்தபோது இருவரும் குறையற்ற குழந்தைகளாகவே இருந்தனர். மாதங்கள் செல்லச் செல்ல அவர்களுடைய அறிவு வளர்ச்சி நின்றுபோயிற்று. பெண் சில சொற்களே பேசினாள். சிறுவனோ பேசவுமில்லை, நடக்கவுமில்லை. குழந்தைகளின் மேனியிலிருந்து ஒரு விநோதமான நாற்றம் வீசுவதையும் அந்தத் தாய் கவனித்தாள். மருத்துவர் பலரிடம் சென்றாள். யாரும் காரணம் கூறவில்லை. ஆயினும் அவள் கேட்பதை நிறுத்தவில்லை.

கடைசியில் அவள் கேள்வி, மருத்துவத்தோடு வேதியியலும் கற்றிருந்த அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற பேராசிரியரை எட்டிற்று. அவர் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தார். ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பின் கரைசலைச் சில துளிகள் அதில் விட்டபோது, எதிர்பாராத வகையில் கரும்பச்சை நிறம் தோன்றிற்று. ஏதேனும் மருந்தின் விளைவாக இருக்கலாம் என்று ஐயுற்று, எல்லா மருந்துகளையும் நிறுத்திவிட்டு மீண்டும் கொண்டுவரச் சொன்னார். மீண்டும் அதே பச்சை. பல லிட்டர் சிறுநீரைச் சேர்த்து, வடித்து, பிரித்து, இறுதியில் அந்தப் பொருள் ஃபீனைல்பைருவிக் அமிலம் என்று கண்டார். பின்னர், மனவளர்ச்சி குன்றியோருக்கான இல்லங்களில் இருந்த நானூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சோதித்து, மேலும் எட்டுப் பேரிடம் இதே குறையைக் கண்டறிந்தார். அறிவுக் குறைபாட்டுக்கு உடலின் இரசாயனத்திலேயே ஒரு காரணம் இருக்கக்கூடும் என்பது அதுவரை தெளிவாகாத செய்தி. விதி என்றும் சாபம் என்றும் கருதப்பட்டதற்கு ஒரு சோதனைக் குழாய் விளக்கம் தந்தது. இந்நோய் பின்னர் ஃபீனைல்கீட்டோனூரியா என்று பெயர் பெற்றது, சுருக்கமாகப் பி.கே.யு. என்பர்.

ஈரலில் நிகழும் தவறு

நாம் உண்ணும் பருப்பு, பால், அரிசி, இறைச்சி ஆகிய எல்லாவற்றிலும் புரதம் உண்டு. புரதம் செரித்து, அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகளாகப் பிரிகிறது. அவற்றுள் ஒன்று ஃபீனைல்அலனின். உடலுக்கு இது வேண்டியதே. ஆனால் அளவோடு வேண்டியது. மிகுந்துவிட்டதை வேறொரு பொருளாக மாற்றும் வேலையை ஈரலில் உள்ள ஒரு நொதி செய்கிறது. அந்த நொதி இல்லாமற் போனாலோ, பழுதுபட்டிருந்தாலோ, ஃபீனைல்அலனின் இரத்தத்தில் தேங்குகிறது. மதகு அடைபட்ட கால்வாயில் நீர் தேங்கி வயலை அழிப்பதுபோல, அது வளர்ந்துகொண்டிருக்கும் மூளையைப் பாழ்படுத்துகிறது.

இங்கே ஒரு நுட்பம் கருதத்தக்கது. சிசு கருவில் இருக்கும்வரை தாயின் ஈரல் அதற்காகவும் வேலை செய்கிறது. ஆகவே மிகுதி எதுவும் தேங்குவதில்லை. அதனால்தான் குழந்தை பிறக்கும்போது மாசு மறுவற்று இருக்கிறது. தாயிடமிருந்து பிரிந்து, முதன்முதலாகப் பால் அருந்தத் தொடங்கியதும் கேடும் தொடங்குகிறது. ஆனால் கண்ணுக்குப் புலனாவதற்குச் சில மாதங்கள் ஆகின்றன. தலை நிற்கவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்று தாய் கவலைப்பட்டு மருத்துவரிடம் ஓடும்போது, மூளையில் நேர்ந்த சேதத்தின் பெரும்பகுதி நிகழ்ந்து முடிந்திருக்கும்.

நோய் வருவது பெற்றோர் செய்த தவற்றால் அன்று. ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள் உள்ளன. ஒன்று தந்தை வழி, ஒன்று தாய் வழி. ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றொன்று வேலையைச் சமாளித்துவிடும். அத்தகையவர் முழு ஆரோக்கியத்தோடு வாழ்வார். தம்மிடம் ஒரு பழுது இருப்பதை வாழ்நாள் முழுவதும் அறியவும் மாட்டார். அத்தகைய இருவர் மணந்துகொண்டால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பழுதுகளும் ஒருசேர வந்துசேர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. முதற்குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூவருக்கு வாராது என்று பொருளன்று. ஒவ்வொரு பிறப்பிலும் அதே நான்கில் ஒன்றுதான்.

மருந்து கிடைத்தது, காலம் கிடைக்கவில்லை

நோயின் காரணம் தெரிந்தும் சிகிச்சை பிறக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 1950-களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில், ஹார்ஸ்ட் பிக்கல் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஒரு சிறுமியிடம் இந்நோயைக் கண்டறிந்தார். கண்டறிந்ததைப் பெருமையோடு தாயிடம் கூறினார். தாயோ அந்தப் பெருமையில் பங்குகொள்ளவில்லை. "பெயர் கண்டுபிடித்துவிட்டீர்கள், என் மகளுக்கு என்ன செய்யப்போகிறீர்கள்?" என்பதே நாள்தோறும் அவள் கேட்ட கேள்வியின் சாரம். அவளுடைய பிடிவாதமே பிக்கலையும் அவருடைய துணைவர்களையும் வேலையில் முடுக்கிற்று.

பால் புரதத்தை அமினோ அமிலங்களாகச் சிதைத்து, அதை அமிலத்தில் கழுவிய கரியின் வழியே வடிகட்டி, ஃபீனைல்அலனினை மட்டும் நீக்கிய ஓர் உணவை அவர்கள் ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்தனர். அவ்வுணவால் அச்சிறுமி சில மாதங்களில் தவழவும், பிடித்துக்கொண்டு நிற்கவும் தொடங்கினாள். அவளுடைய ஓயாத அழுகை நின்றது. உணவுதான் காரணமா என்பதை உறுதி செய்ய, தாயிடம் முன்னதாகச் சொல்லாமலே ஃபீனைல்அலனினை மீண்டும் சேர்த்துப் பார்த்தனர். சில நாட்களில் குழந்தை பின்னடைந்தது. இன்று எந்த மருத்துவமனையும் தாயின் இசைவின்றி இதைச் செய்யத் துணியாது. 1953-ல் இம்முடிவுகள் வெளியாயின.

உணவு நோயைத் தடுக்க வல்லது என்பது விளங்கியது. ஆனால் முன்பே கெட்டுப்போன மூளையை அது மீட்டுத் தரவில்லை என்பதும் உடன் விளங்கியது. பிறந்த சில வாரங்களுக்குள் உணவைத் தொடங்கினால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போல வளரும். ஓராண்டு கழித்துத் தொடங்கினால் பயன் மிகக் குறைவு. ஆனால் நோய் இருப்பதே ஓராண்டு கழித்துத்தானே தெரிகிறது? 1957-ல் அமெரிக்க மருத்துவர் வில்லார்டு சென்டர்வால், சிசுவின் ஈரத்துணியில் ஃபெரிக் குளோரைடைச் சொட்டவிட்டுப் பார்க்கும் எளிய முறையை வகுத்தார். நல்ல முறைதான், எனினும் சிறுநீரில் அந்தப் பொருள் தெரியப் பிறந்து சில வாரங்கள் ஆகின்றன. அதற்குள் தாயும் சேயும் வீடு திரும்பிவிடுவர். தேடிச்சென்று சோதிப்பவர் யார்?

இந்த இடைவெளியில்தான் கத்ரி வருகிறார்.

ஒரு தந்தையின் வழி

ராபர்ட் கத்ரி மிசூரி மாநிலத்தில் பிறந்து மினசோட்டாவில் வளர்ந்தவர். மருத்துவப் பட்டத்தோடு ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றவர். நோயாளியைப் பார்ப்பதைவிடப் பாக்டீரியாவைப் பார்ப்பதிலேயே அவருக்கு நாட்டம். 1950-களில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் புற்றுநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். அவருடைய பிள்ளைகளுள் 1947-ல் பிறந்த ஜான் என்ற மகன் அறிவு வளர்ச்சி குன்றியவனாக இருந்தான். அவனுக்கு இருந்தது பி.கே.யு. அன்று. காரணம் இன்னதென்று யாராலும் கூற முடியவில்லை.

அந்நாளில் அத்தகைய குழந்தைகளைக் கண்காணாத இல்லங்களில் சேர்த்துவிடும்படி மருத்துவர்களே அறிவுரை கூறுவது வழக்கம். சேர்த்துவிட்டு மறப்பதும், வெளியில் சொல்ல வெட்குவதும் பல குடும்பங்களின் நிலை. அந்த நிலையை எதிர்த்துப் பெற்றோர் சங்கங்கள் தோன்றிய காலம் அது. கத்ரி தம்பதியர் பஃபலோ நகரச் சங்கத்தில் முனைந்து உழைத்தனர். ஆய்வுக்கூடத்தில் பிறர் நோயை ஆராய்ந்துகொண்டிருந்த கத்ரி, தம் வாழ்வின் திசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எண்ணத் தொடங்கியது அங்கேதான்.

1957-ல் பஃபலோ குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ராபர்ட் வார்னர் அவரிடம் ஓர் உதவி கேட்டார். பி.கே.யு. உள்ள குழந்தைகளுக்கு உணவுச் சிகிச்சை அளிக்கும்போது, இரத்தத்தில் ஃபீனைல்அலனின் எவ்வளவு இருக்கிறது என்பதை அடிக்கடி அளக்கவேண்டும். அப்போதிருந்த முறையோ கடினமானது, நிறைய இரத்தமும் கேட்பது. எளிய வழி உண்டா? புற்றுநோய் மருந்துகளின் அளவைப் பாக்டீரியாவைக் கொண்டு அறியும் முறையை அதற்கு முன்பே கையாண்டு வந்த கத்ரி, அதே முறையைத் திருப்பிப் பயன்படுத்தலாம் என்று கண்டார். 1958-ல் புற்றுநோய் ஆராய்ச்சியை விட்டு, அந்தக் குழந்தைகள் மருத்துவமனைக்கே வந்துசேர்ந்தார்.

அதே ஆண்டில் அவர் குடும்பத்தில் இரண்டாவது அடி விழுந்தது. அவருடைய மனைவியின் சகோதரிக்குப் பிறந்த பெண் குழந்தைக்குப் பி.கே.யு. இருப்பது தெரியவந்தது. அப்போது குழந்தைக்கு வயது பதினைந்து மாதம். காலம் கடந்துவிட்டிருந்தது. உணவைச் சரிபார்க்கும் கருவியாக மட்டும் தாம் கருதிய சோதனையை, பிறந்த எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கும் கருவியாக ஆக்கவேண்டும் என்ற உறுதி அப்போதுதான் அவருக்குப் பிறந்தது. மகனுக்கு ஏன் வந்தது என்று அவர் அறியார். இந்தக் குழந்தைக்கோ ஏன் வந்தது என்பதும் தெரியும், எப்படித் தடுப்பது என்பதும் தெரியும். உரிய நேரத்தில் கேட்பார் இல்லாமையே இழப்புக்குக் காரணம்.

பாக்டீரியா சொல்லும் சாட்சி

கத்ரியின் சோதனை மிக எளியது. பேஸில்லஸ் சப்டிலிஸ் என்பது தீங்கற்ற ஒரு பாக்டீரியா. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார்க் கூழை ஒரு தட்டில் ஊற்றி, அதில் இந்தப் பாக்டீரியாவைக் கலந்து, அதன் வளர்ச்சியைத் தடுக்கும் தையினைல்அலனின் என்னும் பொருளையும் சேர்த்து வைத்தார். தடைப்பொருள் இருக்கும்வரை பாக்டீரியா வளராது. ஆனால் இந்தத் தடைப்பொருள் உருவத்தில் ஃபீனைல்அலனினை ஒத்தது. அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஏமாற்றுவதால்தான் வளர்ச்சியைத் தடுக்கிறது. உண்மையான ஃபீனைல்அலனின் மிகுதியாக வந்து சேர்ந்தால் ஏமாற்று பலிக்காது; பாக்டீரியா வளரத் தொடங்கிவிடும்.

ஆகவே, சிசுவின் இரத்தம் உலர்ந்த தாளிலிருந்து ஒரு சிறு வட்டத்தைத் துளையிட்டு எடுத்து, அந்தக் கூழின்மேல் வைத்து, உடலின் வெப்பத்தில் ஓர் இரவு வைத்துவிட்டனர். பொழுது விடிந்து பார்த்தால், நலமான குழந்தைகளின் வட்டங்களைச் சுற்றிக் கூழ் தெளிவாகவே இருக்கும். நோயுள்ள குழந்தையின் வட்டத்தைச் சுற்றி மட்டும், மழைக்காலத்து நிலவைச் சுற்றிய கோட்டை போல, ஒரு மங்கிய வளையம் படர்ந்திருக்கும். வளையம் அகன்றிருந்தால் ஃபீனைல்அலனினும் மிகுதி. ஒரே தட்டில் பல குழந்தைகளின் இரத்தத்தை வைத்து, ஒரே பார்வையில் கண்டுகொள்ளலாம்.

இதைவிடச் சிறந்த கருத்து, அந்தத் தாள்தான். குழாயில் எடுத்த இரத்தம் கெடும், சிந்தும், உடையும். ஊர்விட்டு ஊர் அனுப்புவது கடினம். உலர்ந்த வடிதாளை ஓர் உறையில் இட்டுத் தபாலில் போட்டுவிடலாம். பெரிய ஆய்வுக்கூடம் தலைநகரில் இருந்தாலும், மலையடிவாரத்துச் சிற்றூர்க் குழந்தையின் இரத்தம் அஞ்சல்காரர் கையில் அங்கே போய்ச் சேரும்.

முதலில், மனவளர்ச்சி குன்றியோர் வாழ்ந்த ஓர் அரசு இல்லத்தில் இச்சோதனையை நடத்தினார். முன்பே நோய் உறுதியானவர்கள் அனைவரையும் அது அடையாளம் காட்டியதோடு, அதுவரை தவறவிடப்பட்ட சிலரையும் கண்டுபிடித்தது. அடுத்து, அரசு உதவியோடு 29 மாநிலங்களில் நான்கு லட்சம் சிசுக்கள் சோதிக்கப்பட்டனர். அவர்களுள் 39 குழந்தைகளுக்குப் பி.கே.யு. இருந்தது, ஏறத்தாழப் பத்தாயிரத்துக்கு ஒன்று. முன்பு கருதியதைவிட இது மிகுதி. 1963-ல் கத்ரியும் அவருடைய துணைவர் ஏடா சூசியும் இம்முறையை ஒரு குழந்தை மருத்துவ இதழில் வெளியிட்டனர். அதே ஆண்டு மாசச்சூசெட்ஸ் மாநிலம் இச்சோதனையைச் சட்டமாக்கிற்று. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரும்பாலான அமெரிக்க மாநிலங்கள் அவ்வழியைப் பின்பற்றின.

சட்டம் தானாக வந்துவிடவில்லை. பல மருத்துவர்கள் எதிர்த்தனர். மருத்துவத்தில் அரசு தலையிடலாகாது என்றனர் சிலர். சோதனை இன்னும் முதிரவில்லை என்றனர் சிலர். பெற்றோர் சங்கங்களே ஊர் ஊராகச் சென்று வாதாடின. 1961-ல் இரண்டு சகோதரிகளின் படத்தை அச்சங்கம் நாடெங்கும் பரப்பிற்று. இருவருக்கும் பி.கே.யு. மூத்தவளுக்கு நோய் தெரியுமுன் காலம் கடந்துவிட்டது. இளையவளுக்குப் பிறந்தவுடனே உணவுச் சிகிச்சை தொடங்கிற்று. ஒரே தாயின் மக்கள் இருவரையும் அருகருகே கண்டவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

விலையைப் பற்றிய வழக்கு

கத்ரியின் குணத்தைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. சோதனைப் பொருள்களைப் பெருமளவில் தயாரிக்க ஒரு நிறுவனத்துக்கு அவர் உரிமை கொடுத்திருந்தார். தமக்கென ஒரு காசும் கேட்கவில்லை. பின்னர், தாம் ஏறத்தாழ ஆறு டாலர் செலவில் தயாரித்துவந்த சோதனைத் தொகுதிக்கு நிறுவனம் 262 டாலர் விலை குறித்திருப்பதை அறிந்தார். எல்லாக் குழந்தைகளுக்கும் எட்டவேண்டும் என்பதற்காகவே எளிமையாக்கிய ஒன்றை, எட்டாக் கனியாக்குவதை அவர் பொறுக்கவில்லை. அரசிடம் முறையிட்டார். பொதுமக்கள் வரிப்பணத்தின் உதவியால் பிறந்த கண்டுபிடிப்பாதலால், அதன் உரிமை பொதுமக்களையே சாரும் என்று அரசு முடிவு செய்தது. விலை தடையாக நிற்கவில்லை.

நியூசிலாந்து முதலிய பல நாடுகளுக்கும் அவர் தாமே சென்று முறையைக் கற்றுக்கொடுத்தார். அதே தாளைக் கொண்டு வேறு பரம்பரை நோய்களையும் கண்டறியும் வழிகளை வகுத்தார். முதுமையில், பழைய வீடுகளின் வண்ணப்பூச்சிலிருந்து குழந்தைகளின் உடலில் ஏறும் ஈய நஞ்சை, அதே போன்ற இரத்தத் துளியால் கண்டறியப் பாடுபட்டார். பரம்பரையால் வருவதாயினும் சுற்றுப்புறத்தால் வருவதாயினும், தடுக்கக்கூடிய மூளைக் கேட்டைத் தடுக்கவேண்டும் என்பதே அவருடைய ஒரே கொள்கை.

இவ்வரலாற்றில் நிழலும் உண்டு. தொடக்க நாட்களில், ஃபீனைல்அலனின் சற்றே மிகுந்து, ஆனால் நோயில்லாதிருந்த சில குழந்தைகளுக்கும் கடும் பத்தியம் விதிக்கப்பட்டு, அவர்கள் தீங்குற்றனர். அது அடியோடு இல்லாவிடினும் உடல் வளராது அல்லவா? சிறு வயது கடந்ததும் பத்தியத்தை நிறுத்தலாம் என்று முதலில் எண்ணினர். பிறகு அது தவறு என்று கண்டு, வாழ்நாள் முழுவதும் தொடர அறிவுறுத்தினர். பத்தியத்தால் நலமாக வளர்ந்த பெண்கள், பத்தியத்தை விட்ட நிலையில் கருவுற்றபோது, தாயின் இரத்தத்தில் தேங்கிய மிகுதியே சிசுவைத் தாக்கிய துயரமும் நேர்ந்தது. சோதனை என்பது வாசற்படி மட்டுமே. உறுதி செய்தல், சிகிச்சை, நெடுநாள் கண்காணிப்பு ஆகியவை இல்லாவிடில் அதனால் முழுப்பயன் இல்லை.

நம் நாட்டில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். பி.கே.யு. இந்தியாவில் அரிது. ஆனால் கத்ரியின் தாள் இன்று அந்த ஒரு நோயோடு நிற்கவில்லை. 1970-களில் கனடாவில் ழான் துசோ என்ற மருத்துவர், அதே உலர்ந்த துளியிலிருந்து பிறவித் தைராய்டு குறைவைக் கண்டறிந்தார். தைராய்டு சுரப்பு இல்லாத குழந்தையும் பிறக்கும்போது நலமாகவே தோன்றும். கவனியாது விட்டால் உடலும் அறிவும் வளர்ச்சி குன்றும். பிறந்த இரண்டு வாரத்துக்குள் கண்டறிந்தால், நாள்தோறும் ஒரு சிறு மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதே முழுச் சிகிச்சை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் பல நகரங்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் சிசுக்களிடம் நடந்த ஆய்வு, இக்குறை ஆயிரத்துச் சொச்சம் பிறப்புக்கு ஒன்று என்றும், தென்னிந்தியாவில் இன்னும் மிகுதி என்றும் காட்டிற்று. 1980-களில் கர்நாடகத்திலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சிசுக்களிடம் அமினோ அமிலக் குறைகள் ஆராயப்பட்டன. 2008-ல் கோவாவும், பின்னர்க் கேரளமும் அரசு மருத்துவமனைகளில் இச்சோதனைகளை மேற்கொண்டன. ஆயினும் நாடு முழுவதற்கும் பொதுவான கட்டாயம் என்ற நிலை வரவில்லை. ஒரு மருத்துவமனையில் தாமாகவே செய்வர். மற்றொன்றில் கேட்டால்தான் செய்வர்.

நமக்குத் தனிப்பட்ட ஒரு காரணமும் உண்டு. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவில் மணம் முடிப்பது தென்னாட்டின் பழைய வழக்கம். ஊர்விட்டு வந்தோர் சிலர், உறவு அறுந்துவிடலாகாது என்ற ஆவலால் இவ்வழக்கை இன்னும் இறுகப் பற்றுவதும் உண்டு. ஒரே பாட்டனாரிடமிருந்து ஒரே பழுதுப் பிரதி பேரன் பேத்தி இருவருக்கும் இறங்கியிருக்கக்கூடும். அவர்கள் மணந்தால் இரண்டு பழுதுகள் ஒன்றுசேரும் வாய்ப்பு மிகுகிறது. அக்காள் மகளை மணப்பதில் இவ்வாய்ப்பு, மாமன் மகளை மணப்பதில் உள்ளதைப் போல் இரு மடங்கு. ஈரத்துணிச் சோதனையை வகுத்தவர் என்று முன்பு குறிப்பிட்டோமே, அந்தச் சென்டர்வாலே பின்னர் வேலூருக்கு வந்து, உறவுமுறைத் திருமணத்துக்கும் பிறவிக் குறைகளுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து, 1966-ல் முடிவுகளை வெளியிட்டார். உறவில் மணந்தோர் அனைவர்க்கும் குறையுள்ள குழந்தை பிறக்கும் என்பதன்று இதன் பொருள். பெரும்பாலோர்க்கு நலமான குழந்தைகளே பிறக்கின்றன. ஆனால் அத்தகைய குடும்பங்கள் இச்சோதனையைத் தவறவிடலாகாது என்பது தெளிவு.

வெளி மாநிலத்தில் வாழும் நேயர்கள் சிலவற்றை நினைவில் கொள்வது நலம். சோதனைக்கு உரிய காலம், பிறந்து 24 மணி நேரம் கடந்து, பெரும்பாலும் மூன்று நாளுக்குள். அதற்கு முன்பே வீடு திரும்ப நேர்ந்தால், மீண்டும் எப்போது வரவேண்டும் என்று கேட்டறிக. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்வது நம் மரபு. குழந்தை தஞ்சையிலோ நெல்லையிலோ பிறந்து, சில மாதங்களில் நாகபுரிக்கோ கல்கத்தாவுக்கோ வந்துவிடும். முடிவு பழைய முகவரிக்குப் போய்க் கிடப்பதால் பயன் இல்லை. ஆகவே மாறாத ஒரு தொடர்பு எண்ணைக் கொடுத்து, முடிவுத் தாளைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துக. மறுமுறை சோதிக்க அழைத்தால் அஞ்சவும் வேண்டா, காலம் தாழ்த்தவும் வேண்டா. முதற்சோதனையில் ஐயம் எழுந்த குழந்தைகளுள் பலர், மறுசோதனையில் நலமானவர்கள் என்றே தெளிவாகின்றனர். உண்மையாகவே குறை உள்ள குழந்தைக்கோ ஒவ்வொரு நாளும் மதிப்புடையது. குடும்பத்தில் காரணம் தெரியாமல் இறந்த சிசுவோ, வளர்ச்சி குன்றிய பிள்ளையோ இருந்தால், அதை வெட்கி மறைக்காமல் மருத்துவரிடம் கூறுக.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் பழமொழி. கத்ரியின் வாழ்வில் அப்பழமொழியின் பின்பாதி பலிக்கவில்லை. அவர் மகன் ஜானுக்கு அவர் கண்டுபிடித்த எதுவும் பயன்படவில்லை. ஆனாலும் முன்பாதியை அவர் இறுதிவரை விடவில்லை. எத்தனையோ நாடுகளில், பெயரறியாத பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர், வேலை பார்க்கின்றனர், தாமும் பிள்ளை பெறுகின்றனர்; பிறந்த மூன்றாம் நாளில் தாம் காப்பாற்றப்பட்டது அவர்களுள் பலருக்கு நினைவிலும் இராது.

அடுத்த முறை தொட்டிலருகே செவிலி ஊசியோடு வரும்போது, பதறும் பாட்டியின் கையைப் பற்றிக்கொண்டு, நாமே அவளுக்குத் தமிழில் விளக்கிச் சொல்லலாம்: "குழந்தைக்கு ஒன்றும் இல்லை, பாட்டி. இனியும் ஒன்றும் வாராதிருக்கவே இந்த ஒரு துளி."